எல்லோருக்கும் இருக்கிற பெயர்

சாமுவேல் பெக்கெட்டின் 'மர்ஃபி' நாவலைப் படித்து முடித்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்: கதாநாயகனின் முழுப்பெயர் என்ன? கொஞ்சம் யோசிப்பார்கள். புத்தகத்தைத் திரும்பப் புரட்டுவார்கள். கிடைக்காது. 1938இல் லண்டனில் வெளிவந்த அந்த நாவலில் முதலிலிருந்து கடைசிவரை அவன் வெறும் மர்ஃபிதான். காதலிக்கும் மர்ஃபி, அவனைத் தேடி அலைகிறவர்களுக்கும் மர்ஃபி, பிணவறையிலும் மர்ஃபி.

இது ஏன் என்று கேட்டால் விமர்சகர்கள் கிரேக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். 'மோர்ஃபே' என்றால் வடிவம், மோர்ஃபியஸ் கனவின் தெய்வம், ஆகவே மர்ஃபி வடிவத்துக்கும் கனவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன். பெக்கெட் சொல்லோடு விளையாடுகிறவர் என்பதால் இதைத் தள்ளிவிட முடியாது. அதே நாவலில் மனநல விடுதியில் இருக்கும் ஒருவருக்கு எண்டன் என்று பெயர். கிரேக்கத்தில் அதற்கு 'உள்ளே' என்று பொருள். எல்லாம் சரிதான். ஆனால் மர்ஃபி என்பது கிரேக்கத்திலிருந்து எடுத்துச் செய்த பெயர் இல்லையே. அயர்லாந்தில் கல்லை விட்டெறிந்தால் ஒரு மர்ஃபி மேல் விழும். அவ்வளவு மலிந்த ஒரு பெயரைத் தன் முதல் நாவலின் அட்டையில் ஒருவர் ஏன் போடுகிறார்? இந்தக் கேள்விக்கு கிரேக்கத்தில் பதில் இல்லை. அயர்லாந்திலேயே தேடலாம் என்பது என் கட்சி.

*

மர்ஃபி என்பது ஆங்கிலம் பண்ணிவைத்த உருவம். ஐரிஷ் மொழியில் பழைய எழுத்துக்கூட்டலில் 'ஓ முர்ஹதா', இன்றைய வழக்கில் 'ஓ முரஹூ'. (இதைக் கேட்டதும் முருகு, முருகன் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஒரு சம்பந்தமும் கிடையாது.) முர்ஹத் என்பது ஓர் ஆளின் பெயர். அதற்குள் இரண்டு சொற்கள் இருக்கின்றன: கடலைக் குறிக்கும் 'முயிர்', போரைக் குறிக்கும் 'கஹ்'. சேர்த்துப் பார்த்தால் கடல் வீரன்.

முன்னால் நிற்கும் 'ஓ'தான் எனக்கு முக்கியம். பழைய ஐரிஷில் அதற்குப் பேரன் என்று பொருள். பிறகு வழித்தோன்றல் என்று விரிந்தது. 'மாக்' என்றால் மகன். பத்து, பதினோராம் நூற்றாண்டுகளில் அயர்லாந்தில் பரம்பரைக் குடும்பப்பெயர்கள் நிலைபெற்றபோது ஒருவன் தன்னை இன்னாரின் மகன் என்றோ, இன்னாரின் பேரன் என்றோ சொல்லிக்கொண்டான். அந்தச் சொல்லே சந்ததிக்குக் குடும்பப்பெயராக நின்றுவிட்டது. ஐரோப்பாவிலேயே முந்திக்கொண்டு இதைச் செய்தவர்களில் ஐரிஷ்காரர்கள் உண்டு. தமிழில் இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். பேரன் என்ற நம் சொல்லே பெயரன்தான். தாத்தாவின் பெயரைச் சுமக்கிறவன். பெயருக்கும் பேரனுக்கும் உள்ள உறவை நாம் உறவுமுறைச் சொல்லில் வைத்தோம், அவர்கள் குடும்பப்பெயரில் வைத்தார்கள்.

இந்த 'ஓ' ஆண்களுக்கு மட்டும்தான். ஓ முரஹூ வீட்டுப் பெண் 'நீ வுரஹூ'. அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் 'ஈ வுரஹூ'. பெயரின் முதல் ஒலியே மகரத்திலிருந்து வகரமாக மாறிவிடும். அதாவது ஒரு பெயரைக் கேட்டாலே அது ஆணா பெண்ணா, பிறந்த வீடா புகுந்த வீடா என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்துக்கு வந்த பிறகு இத்தனையும் போய் எல்லாரும் மர்ஃபி. இதில் பெண்களுக்கு விடுதலை கிடைத்ததா, அடையாளம் போனதா என்று விவாதிக்கலாம். பெயருக்குள் இருந்த இலக்கணம் போனது என்பதில் மட்டும் விவாதமில்லை.

ஐரிஷ் எழுத்துக்கூட்டலில் எங்கேயும் எஃப் கிடையாது. தொண்டையிலிருந்து வரும் ஒலியை ஆங்கிலக் காது எப்படியோ கேட்டு எழுதி வைத்தது, மர்ஃபி ஆனது. அந்த எஃப்பைத் தமிழில் எழுத நாமும் ஆய்த எழுத்தைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.

தன்னால் நடந்த மருவல் இது என்று விட்டுவிட முடியாது. 1465இல் ஒரு சட்டம் வந்தது. டப்ளினைச் சுற்றி ஆங்கில ஆட்சி இருந்த நான்கு மாவட்டங்களில் வசித்த ஐரிஷ்காரர்கள் ஆங்கிலேயரைப் போல உடுத்த வேண்டும், ஆங்கிலக் குடும்பப்பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். என்ன பெயர் வைப்பது என்றுகூடச் சட்டமே சொல்லிக்கொடுத்தது. ஓர் ஊரின் பெயர், இல்லை வெள்ளை, கறுப்பு, பழுப்பு மாதிரி ஒரு நிறம், இல்லை கொல்லன், தச்சன் மாதிரி ஒரு தொழில். ஒரு சட்டத்தால் எல்லாம் மாறிவிடவில்லை. அடுத்தடுத்த நூற்றாண்டுகளில் நிலம் பறிபோய், ஆட்சியும் நீதிமன்றமும் பள்ளியும் ஆங்கிலத்துக்குப் போனபோது ஓவும் மாக்கும் தாமாகவே உதிர்ந்தன. எழுதுகிறவன் ஆங்கிலத்தில் எழுதினான், பெயருக்குரியவனுக்கு எழுதத் தெரியாது. 1893இல் கேலிக் லீக் தொடங்கி மொழிப்பற்று எழுந்த காலத்தில் பல குடும்பங்கள் ஓவைத் திரும்ப ஒட்டிக்கொண்டன. சல்லிவன்களில் பலர் ஓ'சல்லிவன் ஆனார்கள். மர்ஃபிகள் ஆகவில்லை. ஆங்கிலத்தில் ஓ'மர்ஃபி என்று ஓர் ஆளைக் காண்பது அரிது. தாத்தாவை வெட்டியது வெட்டியதாகவே நின்றுவிட்டது.

1890ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவுகளை வைத்து ராபர்ட் மாத்தசன் என்ற அதிகாரி அயர்லாந்தின் குடும்பப்பெயர்களைக் கணக்கெடுத்தார். 1894இல் வந்த அவரது அறிக்கையில் முதலிடம் மர்ஃபிக்கு, உத்தேசமாக 62,600 பேர். இரண்டாமிடம் கெல்லிக்கு, 55,900. இந்த இரண்டு பெயர்களையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

டப்ளினின் நினைவுப்பொருள் கடைகளில் குடும்பப்பெயர் அச்சிட்ட காபிக் கோப்பைகளும் சாவிக்கொத்துகளும் கிடைக்கும். குடும்பச் சின்னம், அதன் கீழே பெயருக்குப் பொருள். அமெரிக்காவிலிருந்து வேர் தேடி வருகிறவர்கள் வாங்கிப்போவார்கள். மர்ஃபி என்றால் கடல் வீரன், பன்னிரண்டு யூரோவோ என்னவோ.

எனக்கு இந்தக் கோப்பையோடு ஒரு சண்டை இருக்கிறது. முதலில், மர்ஃபிகள் ஒரே குடும்பம் இல்லை. வெக்ஸ்ஃபர்டில் ஒரு கிளை, கார்க்கில் ஒன்று, வடக்கே அல்ஸ்டரில் ஒன்று என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் முளைத்தவை. முர்ஹத் என்ற பெயரில் பல தாத்தாக்கள் இருந்தார்கள், அவ்வளவுதான். இரண்டாவது, சொல்லின் பிறப்பைச் சொல்லிவிட்டால் பொருளைச் சொல்லிவிட்டதாக ஆகாது. ஒரு பெயரை ஆயிரம் வருடம் யார் யார் எப்படிப் புழங்கினார்கள் என்பதும் அதன் பொருளில் சேரும்.

அந்தக் கணக்கைப் போட்டால் கோப்பையில் இடம் போதாது. இதே முர்ஹத்திலிருந்து வந்த இன்னொரு குடும்பப்பெயர் மாக் முர்ஹதா. லென்ஸ்டர் அரசன் டியர்மட் மாக் முர்ஹதா 1166இல் பதவியிழந்து இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றியிடம் உதவி கேட்டுப் போனார். 1169இல் நார்மன் படைகள் வெக்ஸ்ஃபர்ட் கரையில் இறங்கின. ஐரிஷ் மக்கள் நினைவில் அந்நியனை அழைத்து வந்தவர் அவர்தான். அதே வெக்ஸ்ஃபர்டில் 1798 கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் ஜான் மர்ஃபி என்ற பாதிரியார். டல்லோவில் அவரைத் தூக்கிலிட்டு உடலை எரித்தார்கள். ஒரே மூலப்பெயரில் அழைத்து வந்தவரும் உண்டு, எதிர்த்துச் செத்தவரும் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கொச்சையில் மர்ஃபி என்றால் உருளைக்கிழங்கு. ஐரிஷ்காரன் தின்பது அது, ஐரிஷ்காரன் பெயர் இது. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். 1845இல் அந்தக் கிழங்கு அழுகத் தொடங்கி, பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள் என்பதை நினைத்தால் இந்தக் கிண்டல் தொண்டையில் சிக்கும். 1949இல் கலிஃபோர்னியாவின் விமானப்படைத் தளத்தில் எட்வர்ட் மர்ஃபி என்ற பொறியாளர் எரிச்சலில் சொன்னதாகச் சொல்லப்படுவது, தவறக்கூடியது தவறியே தீரும் என்கிற மர்ஃபி விதி. நம் வீடுகளுக்கு இந்தப் பெயர் வந்ததோ வானொலிப் பெட்டியாக. 1929இல் இங்கிலாந்தில் ஃபிராங்க் மர்ஃபி கூட்டாளியோடு தொடங்கிய நிறுவனத்தின் பெயர் அது. இந்திய விளம்பரங்களில் வந்த மர்ஃபி குழந்தையை நம் தாத்தா பாட்டிகளுக்குத் தெரியும். 2012இல் வந்த 'பர்ஃபி' இந்திப் படத்தின் நாயகனுக்கு மர்ஃபி என்று பெயர் வந்தது அந்த ரேடியோவால்தான். பேசவராத அவன் வாயில் அது பர்ஃபி ஆகிறது. கடல் வீரன் கடைசியில் இனிப்பாகிவிட்டான்.

இவ்வளவு தூரம் புழங்கிய பெயர் தேய்ந்த நாணயம் மாதிரி. யார் தலை பொறித்திருந்தது என்று தெரியாது. எல்லாக் கடையிலும் செல்லும்.

*

இந்தத் தேய்மானத்தை இலக்கியத்தில் முதலில் சரியாகப் பயன்படுத்தியவர் ஜாய்ஸ். 'யுலிஸஸ்' (1922) நாவலின் பதினாறாவது அத்தியாயத்தில் நள்ளிரவுக்குப் பின் ஸ்டீஃபனும் புளூமும் வண்டிக்காரர்கள் ஒதுங்கும் கொட்டகைக்குப் போகிறார்கள். அங்கே ஒரு மாலுமி உலகம் சுற்றிய கதை அளந்துகொண்டிருக்கிறான். தன் பெயர் மர்ஃபி, கார்க் பக்கத்துக்காரன் என்கிறான். கையில் ஒரு தபால் அட்டையை நீட்டுகிறான். புளூம் அதைத் திருப்பிப் பார்த்தால் முகவரியில் வேறு யாரோ பெயர். ஆக அந்த ஆள் மர்ஃபியா என்பதே சந்தேகம். இதே அத்தியாயத்தில் ஸ்டீஃபன் பெயர்கள் எல்லாம் மோசடி என்கிற ரீதியில் பேசுகிறான், ஒரு காலத்தில் ஷேக்ஸ்பியர்கள் மர்ஃபிகளைப் போலச் சாதாரணமாகக் கிடந்தார்கள் என்கிறான். ஜாய்ஸுக்கு மர்ஃபி என்பது மறைந்துகொள்ளத் தோதான பெயர். கடலிலிருந்து வந்த மர்ஃபியும் வீரன் இல்லை, புளுகன்.

பெக்கெட் இதை வாங்கி இன்னும் ஒரு படி போகிறார். அவருடைய மர்ஃபிக்கு மறைவதுதான் வாழ்க்கை லட்சியம். லண்டனில் இடிக்க வேண்டிய ஒரு கட்டடத்தில் ஆடும் நாற்காலியில் நிர்வாணமாக உட்கார்ந்து, ஸ்கார்ஃபுகளால் தன்னைக் கட்டிக்கொண்டு, உடம்பை அடக்கி மனதுக்குள் போய்விடப் பார்க்கிறான். வேலை தேடச் சொல்லும் காதலியின் பெயர் சீலியா. குடும்பப்பெயர்? கெல்லி. மாத்தசனின் பட்டியலில் முதல் பெயரும் இரண்டாம் பெயரும் லண்டனில் ஒரே கட்டிலில். இது தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. ஓர் ஐரிஷ் வாசகர் இதைப் படித்ததும் சிரித்திருப்பார். குப்பனும் சுப்பனும் மாதிரி, மர்ஃபியும் கெல்லியும்.

நாவல் எழுதப்பட்ட காலத்தையும் பார்க்க வேண்டும். சுதந்திர அயர்லாந்து அப்போது தன் கேலிக் பழமையைத் தூசி தட்டி எடுத்து வைத்துக்கொண்டிருந்தது. 1916 எழுச்சி நடந்த டப்ளின் தலைமைத் தபால் நிலையத்தில் 1935இல் கூஹுலின் என்ற புராண வீரனின் வெண்கலச் சிலையை வைத்தார்கள். பெக்கெட் தன் நாவலில் என்ன செய்கிறார் தெரியுமா? மர்ஃபியின் பழைய ஆசான் நியரியை அதே தபால் நிலையத்துக்குக் கூட்டிப்போய், அந்தச் சிலையின் பிருஷ்டத்தில் தலையை முட்டிக்கொள்ள வைக்கிறார். வீரன் என்ற சொல்லின்மேல் அவருக்கு இருந்த மரியாதை இவ்வளவுதான். ஓ முரஹூ, கடல் வீரன் என்று பெயருக்குப் பெருமை மீட்கிற காலத்தில் அவர் ஓவும் இல்லாத, வீரமும் இல்லாத, முதற்பெயரும் இல்லாத ஒரு மர்ஃபியை நாற்காலியில் கட்டிப்போட்டார்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. பெக்கெட் டப்ளினின் வசதியான ஃபாக்ஸ்ராக் பகுதியில் பிறந்த புராட்டஸ்டண்ட். அவர் குடும்பப்பெயர் கேலிக் பெயரே இல்லை. மர்ஃபியோ பெரும்பாலும் கத்தோலிக்கர், விவசாயி, லண்டனில் மண் வெட்டப் போனவர். மேலே இருந்துகொண்டு கீழே இருப்பவனின் பெயரைப் பொம்மையாக்கவில்லையா?

ஓரளவு ஆமாம் என்றுதான் சொல்வேன். பெயரில்லாமல் போவது பெக்கெட்டின் மர்ஃபிக்கு ஒரு தத்துவ ஆசை. அந்த ஆசைக்குச் செலவு செய்ய ஹாலந்தில் குவிக்லி என்ற மாமா பணம் அனுப்புகிறார். (ஆங்கிலச் சொல் சித்தப்பாவுக்கும் பொருந்தும். குடும்பப்பெயர் வேறாக இருப்பதால் மாமா என்கிறேன்.) பஞ்சக் காலத்தில் கப்பலேறிய மர்ஃபிகளுக்கு அப்படிப்பட்ட மாமா கிடையாது. அவர்கள் பெயர் பதிவேட்டில் பத்தோடு பதினொன்று. அவர்கள் விரும்பியா தொலைந்தார்கள்? இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் பெக்கெட்டைப் புகழ்கிற கட்டுரைகள் எனக்கு உவப்பில்லை. விரும்பித் தொலைவது வேறு, தொலைக்கப்படுவது வேறு.

ஆனால் நாவலின் முடிவு இந்த வித்தியாசத்தைக் கரைத்துவிடுகிறது. மர்ஃபி மனநல விடுதியில் ஆண் செவிலியாகச் சேர்ந்து, தன் மாடி அறையில் வாயு விபத்தில் எரிந்து சாகிறான். உடம்பை அடையாளம் காட்ட ஆள்கள் வருகிறார்கள். பெயர் எதற்கும் உதவவில்லை. சீலியாவுக்குத் தெரிந்த ஒரு மச்சம்தான் அவன் இன்னான் என்று சொல்கிறது. தன் சாம்பலை டப்ளினின் அபே தியேட்டர் கழிப்பறையில், நாடகம் நடந்துகொண்டிருக்கும்போது கொட்ட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறான். அதுவும் நடக்கவில்லை. பொட்டலத்தை எடுத்துப்போனவன் ஒரு மதுக்கடையில் சண்டை பிடித்து யார் மேலோ வீச, சாம்பல் தரையில் சிதறி, விடிவதற்குள் சிகரெட் துண்டோடும் வாந்தியோடும் கூட்டித் தள்ளப்படுகிறது. விரும்பித் தொலைய நினைத்தவனும் கடைசியில் தொலைக்கப்படுகிறான். லண்டனில் கல்லறை இல்லாமல் போன எத்தனையோ மர்ஃபிகளோடு அவனும் சேர்ந்துவிட்டான். பிறகு வந்த நாவல்களில் பெக்கெட்டுக்கு மொல்லாய், மொரான், மலோன் என்று ஐரிஷ் பெயர்கள் தொடர்கின்றன. பிரெஞ்சில் எழுதியபோதும் அவற்றை விடவில்லை. 'பெயரிட முடியாதவன்' (1953) நாவலில் பேசும் குரல் இவர்களையெல்லாம் பன்மையில் குறிப்பிட்டுச் சலித்துக்கொள்கிறது. பன்மையாவதுதான் இந்தப் பெயர்களின் விதி போல.

*

கோப்பையில் எழுதியது பலித்த ஒரு மர்ஃபியும் உண்டு, அவர் நமக்குப் பக்கத்தில் இறந்தவர். கவிஞர் ரிச்சர்ட் மர்ஃபி, 1927இல் மேயோவில் பிறந்தார். அப்பா வில்லியம் லிண்ட்ஸே மர்ஃபி இலங்கையில் பிரிட்டிஷ் அதிகாரி, கொழும்பு மேயர், பிறகு பஹாமாஸ் ஆளுநர். மகனின் குழந்தைப் பருவத்தில் கொஞ்சம் இலங்கையில் கழிந்தது. பிறகு அவர் அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கிச் சீர்செய்து கடலில் ஓட்டினார். 'தீவுக்குப் பாய்விரித்து' (1963) என்று தலைப்பை மொழிபெயர்க்கக்கூடிய தொகுப்பு அந்தக் கடலிலிருந்து வந்தது. சிகிரியாவின் கண்ணாடிச் சுவரில் பழைய பார்வையாளர்கள் கிறுக்கிய வரிகளை வைத்து 1989இல் ஒரு தொகுப்பு எழுதினார். 2018இல் இலங்கையிலேயே காலமானார்.

இவர் கத்தோலிக்க விவசாயி இல்லை. ஆளும் வர்க்கத்துப் புராட்டஸ்டண்ட் மர்ஃபி. 1691இல் நடந்த ஆக்ரிம் போரைப் பற்றிய அவரது நெடுங்கவிதை (1968), தன் முன்னோர்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள் என்பதை எதிர்கொள்கிறது. இந்தப் பெயருக்கு ஒரே பொருள் சொல்லும் எந்தக் கோப்பையையும் அந்த ஒரு கவிதை உடைத்துவிடும்.

பெக்கெட்டிடம் திரும்பினால், நாவல் மர்ஃபியோடு முடியவில்லை. கடைசி அத்தியாயம் கெல்லிகளுக்கு உரியது. சீலியாவின் அப்பா அம்மா 1934இல் தீப்பிடித்த மாரோ காஸில் கப்பலில் செத்துப்போனவர்கள். அவளுக்கு மிஞ்சியது அப்பாவைப் பெற்ற தாத்தா ஒருவர்தான். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கென்சிங்டன் தோட்டத்தில் பட்டம் விடும் கிழவர். நூல் அறுந்து பட்டம் போகிறது. கிழவர் எழுந்து அதைப் பிடிக்கத் தள்ளாடி ஓடி விழப்போகிறார். பேத்தி ஓடிப்போய்ப் பிடிக்கிறாள். பூங்கா மூடும் நேரம், காவலர்கள் கூவுகிறார்கள். அவள் அவரை நாற்காலியில் வைத்து மேட்டில் தள்ளிக்கொண்டு போகிறாள்.

பெக்கெட் நினைத்துச் செய்தாரோ இல்லையோ, குடும்பப்பெயரிலிருந்து ஆங்கிலம் உதிர்த்த 'ஓ' இதுதான். தாத்தாவும் பேத்தியும். மர்ஃபியைப் படிக்கப் போகிறவர்கள் நாற்காலியில் கட்டிக்கொண்டவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிறவளிடம் கொஞ்சம் நில்லுங்கள். அவளை எந்தக் கோப்பையிலும் அச்சிடவில்லை.